பிறந்த வீட்டுக் கோடி, இருபத்தெட்டு இஞ்ச்

சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் சைக்கிள் டயர் வாங்கப் போன கதை இது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் மலையில் எவன் சைக்கிள் ஓட்டுகிறான்? ஏறினால் தள்ள வேண்டும், இறங்கினால் பிரேக் தேய வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தேயிலையையே லாரியில் ஏற்றிக் கொழும்பில் இறக்குகிறவன் நான். டயர் என்றால் இடுப்பு உயரத்துக்கு நிற்கிற லாரி டயர்தான் எனக்குத் தெரியும்.

நான் இந்தியாவுக்குப் போனது தங்கச்சி பாக்கியத்தின் வீட்டுத் துக்கத்துக்கு. அவள் புருஷன் செல்லையா நெஞ்சுவலியில் போய்விட்டான் என்று வந்த கடிதம், சண்டைக் காலத்துத் தபாலில் எங்கெங்கோ அலைந்து என் கைக்கு வருவதற்குள் காரியமெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு மேல் பாஸ்போர்ட், விசா என்று நான் அலைந்தேன். ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் இரண்டு நாட்டுக்காரர்கள். யாரோ பெரியவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் அவள் பெயர் இந்தியப் பக்கம் விழுந்தது, என் பெயர் இலங்கைப் பக்கம் விழுந்தது. தலைமன்னாரில் அவளையும் செல்லையாவையும் கப்பல் ஏற்றிவிட்டுத் திரும்பியவன், அப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. இப்போது அந்தக் கப்பலும் ஓடுவதில்லை.

என் பெட்டியில் ஒரு புடவை இருந்தது. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி போக வேண்டும். கோடி என்போம். கூடப் பிறந்தவன் கையால்தான் கொடுக்க வேண்டும். காலம் தப்பிப் போனாலும் அதைக் கொடுக்காமல் இருந்தால் நான் மனிதன் இல்லை என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது சூடான பிரேக் வாசனை. ஊட்டி மலையிலிருந்து உருளைக்கிழங்கும் காரட்டும் ஏற்றி இறங்கிய லாரிகள் மண்டி வாசலில் வரிசையாக நின்றன. எங்கள் ஊரிலும் இதே வாசனைதான். கால்கள் தானாக ஒரு லாரியின் பின்சக்கரத்துக்குப் போய் நின்றன. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, என்ன பாக்கறீங்க?" என்றார். "டயர் பாக்கிறேன்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். பக்கத்துக் கடையில் டீ குடித்தேன். தேயிலையோடு பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், டீ சுமார்தான். தண்ணீர் அருமை.

பாக்கியத்தின் வீடு அன்னூர் போகும் ரோட்டில், ஒரே மாதிரியான சின்ன ஓட்டு வீடுகள் இருக்கும் தெருவில் கடைசி வீடு. வாசலில் நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது. "வாங்கண்ணா" என்றாள். சொல்லிவிட்டு அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன்.

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உக்காருங்க, தண்ணி வாத்துக்கோங்க, சாப்புடுங்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க'. சின்ன வயதில் என்னை 'டேய்' போட்டுக் கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கினவள் இவள். "நான் என்னா, உனக்குத் தோட்டத்துக் கங்காணியா?" என்று கேட்டேன். "இந்த ஊர்ல நாயை வெரட்டறதுக்கே 'போங்க'ம்பாங்கண்ணா. வாயில ஒட்டிக்கிச்சு" என்றாள். குளித்துவிட்டு வந்ததும் அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த சோற்றைப் போட்டு, மேலே எண்ணெய் ஊற்றித் தந்தாள். இந்த ஊர்ச் சாப்பாடாம். எங்கள் ரொட்டிக்கும் தேங்காய்ச் சம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கூடப் பிறந்தவன் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் துக்கம் கேட்க வந்தார்கள். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், செல்லையாவின் நல்ல குணத்தைச் சொன்னார்கள், எழுந்தார்கள், போனார்கள். போகும்போது ஒரு வார்த்தை கிடையாது. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் தோட்டத்திலும் உண்டு. ஆனால் நாங்கள் பதினாறாம் நாள் காரியத்தோடு அதை விட்டுவிடுவோம். இந்தத் தெருவில் வருஷம் திரும்பும்வரை வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு மாரக்கா மோர் கொண்டுவந்து கொடுத்து, என் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் ஆசையாக விசாரித்தார். பேச்சு முடிந்ததும் எழுந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டார். இத்தனை மாதமாக வருகிறவர்கள் எல்லாரும் இப்படியே போவதைப் பார்த்துக்கொண்டு இவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைத்த பிறகு புடவையைத் தட்டில் வைத்து நீட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அண்ணா, ஒண்ணு கேட்டாத் திட்ட மாட்டீங்களே?" என்றாள்.

"கேளு புள்ள."

"சேலை இருக்கட்டும். ரெண்டு சைக்கிள் டயர் வாங்கிக் குடுங்க. அதை நான் பொறந்த ஊட்டுக் கோடின்னு வெச்சுக்கறேன்."

"கோடிக்கு டயரா? இது எந்த ஊர் வழக்கம்?"

"எந்த ஊர் வழக்கமும் இல்லீங்கண்ணா. எனக்கு வேணும்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். செல்லையா கறிவேப்பிலை வியாபாரம் செய்தவன். பக்கத்தில் ஒருவருடைய தோட்டத்தில் இலை வெட்டியதும், கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றி அன்னூருக்குக் கொண்டுபோய்க் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போடுவான். அவன் போன பிறகு தெருக்காரர் ஒருவர் உதவிக்கு அந்த இலையை எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது மில்லில் வேலை கிடைத்துவிட்டது. மொபெட் வைத்திருக்கிற ஒருவர் இலையைத் தனக்குத் தரும்படி தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அடுத்த வெட்டு. அன்றைக்கு இவள் வண்டியோடு போய் நிற்காவிட்டால் இலை கை மாறிவிடும்.

"கை மாறினா மாறட்டும். கூடலூர்ல மக இருக்கா, மருமகன் இருக்கான். அங்க போயி இரேன்" என்றேன். நல்லதைத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

"அவங்க இருக்கறது எஸ்டேட் லயத்துல. போனா நானும் கூடையைக் கட்டிக்கிட்டுக் கொழுந்து பறிக்கோணும். அந்த வரிசை ஊட்டுல இருந்து கீழ எறங்கி வர எனக்கு ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருந்துது. மறுக்கா மேல ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். வாடகைச் சைக்கிள் எடுத்துத் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் ஓட்டப் பழகியதில் இவளும் ஒருத்தி என்று மறுநாள் மாரக்கா சொல்லித்தான் தெரிந்தது. புருஷன் இருக்கும்போதே பழகியிருக்கிறாள். செல்லையா மைதானத்து ஓரத்தில் நின்று கைதட்டுவானாம்.

செவ்வாய்க்கிழமை தோட்டத்துக்காரரைப் பார்க்கப் போனோம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நல்ல உயரம். கயிற்றுக் கட்டிலில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டு பேசினார். "சிலோனுங்களா? ரொம்ப தூரமுங்க. செல்லையா தங்கமான ஆளுங்க. அவனுக்குக் குடுத்த எலையை அம்மணிக்குக் குடுக்கறதுல எனக்கென்னங்க கஷ்டம்? ஆனா வெட்டுன எலை வெயில்ல நின்னாக் கருத்துப் போயிருமுங்க. வெள்ளிக்கெழம விடிய வண்டி வந்து நின்னுரோணும். நிக்கலீன்னா நான் அந்த மொபெட்டுக்காரனுக்கு ஏத்தி உட்டுருவேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. சொன்னதில் ஒரு வளைவும் இல்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செல்லையாவின் சைக்கிளை வெளியே எடுத்தோம். இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், இரட்டை பார் போட்ட கனத்த வண்டி. பின்பக்கம் பெரிய இரும்பு கேரியர். ரிம் நேராக இருந்தது, கம்பிகள் விறைப்பாக இருந்தன. டயர்கள்தான் உயிரை விட்டிருந்தன. பின்டயரில் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் துணி தெரிந்தது. பக்கச் சுவரெல்லாம் வெடிப்பு. "இதிலயா அன்னூர் போனான்?" என்று கேட்டேன். "இதுலதான் போனாரு" என்றாள்.

வண்டியை அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பார் அவள் இடுப்புக்கு மேலே நின்றது. புடவை கட்டிக்கொண்டு, பின்னால் இலைக்கட்டும் ஏற்றிவிட்டால், காலைத் தூக்கிப் போட எந்தப் பக்கமும் வழியில்லை. "சக்கரத்தைச் சின்னதாக்கினா உயரம் கொறையும். இருபத்தாறு இஞ்ச் போடலாம்" என்று சொன்னேன். சொல்லும்போது பெரிய மெக்கானிக் மாதிரித்தான் சொன்னேன்.

புதன்கிழமை கோயம்புத்தூருக்குப் போனேன். டவுன்ஹால் பக்கம் சைக்கிள் கடைகள். வாசலில் டயர்களைத் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைப் பையன்கள் "வாங்க சார்" என்று இழுத்தார்கள். ஒரு பெரிய கடையில் நுழைந்தேன். முதல் கேள்வியிலேயே என் மானம் போயிற்று.

"இருபத்தெட்டு வண்டியில இருபத்தாறு சக்கரம் போட முடியுமா?"

கடைக்காரர் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பினார். பஞ்சுத் தூசு படிந்த தலை. சோமனூரில் தறி ஓட்டுகிறவராம். நூலும் துணியும் சைக்கிளிலேயே சுமக்கிறவர். "மாட்டலாமுங்க. ஆனாப் பிரேக் கட்டை ரிம்முல உளுகாது. டயரைப் புடிச்சுத் தேய்ச்சுபோடும். திரும்பறப்பப் பெடலு ரோட்டுல இடிக்கும். வண்டியே இருபத்தாறாப் பொறந்திருக்கோணுமுங்க" என்றார்.

கடைக்காரர் உடனே லேடீஸ் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். இருபத்தாறு இஞ்ச், குறுக்கே பார் இல்லை, பளபளவென்று இருந்தது. கம்பி குட்டை, அதனால் சக்கரம் சீக்கிரம் கோணாது, பாரமும் தாழ்வாக நிற்கும் என்று சொன்னார். எல்லாம் சரியான பேச்சுதான். எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. சோமனூர்க்காரர் மட்டும், "அந்த அம்மணி எங்கீங்க ஓட்டப் போறாங்க?" என்று கேட்டார். அன்னூர் என்றேன். "நடு ரோட்டுல டயர் வெடிச்சா, அங்க இருக்கற பஞ்சர் கடையில எது தொங்குதோ அதுதானுங்க நல்ல டயரு. எல்லாக் கடையிலயும் இருபத்தெட்டு தொங்கும். இருபத்தாறுல பாரம் தாங்கற டயருக்கு இங்கதான் பஸ் ஏறி வரோணும். அப்பறம் உங்க இஷ்டமுங்க" என்றார்.

பெரிய சக்கரம் குண்டு குழியில் விழாமல் தாண்டும் என்பது லாரிக்காரனுக்குத் தெரியாதா? சரி, இருபத்தெட்டே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பார் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி டயர். இதில் எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று மனதில் ஒரு கர்வம். வாசலில் தொங்குவது வெயில் குடித்த ரப்பர், உள்ளிருந்து எடு என்றேன். எடுத்ததை மடக்கிப் பார்த்தேன், முகர்ந்தேன், பக்கச் சுவரை நகத்தால் கீறினேன். கடைக்காரர் அசந்து போனார். இருப்பதிலேயே தடியானது எது என்று கேட்டேன். மூன்று சக்கர பாரவண்டிக்குப் போடுகிற டயர் ஒன்றைக் காட்டினார். கையில் தூக்கினேன். என்ன கனம்! பட்டை பட்டையாக ஆழமான வெட்டு. இதுதான், டியூபும் புதுசாகக் கொடு என்று சொல்லிவிட்டேன்.

"ஜோடியாவே வேணுமுங்களா?" என்றார் சோமனூர்க்காரர். "நாங்க ஒண்ணுதான் வாங்குவோம். புதுசு பின்னால போட்டு, பின்னால இருந்த பழசை முன்னால கொண்டுட்டுப் போயிருவோமுங்க. பாரமெல்லாம் பின்னாலதானுங்களே."

"இது தங்கச்சிக்குக் கோடி. ஒத்தையாக் குடுக்க முடியாது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விஷயம் புரிந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க. அப்படின்னா ஜோடிதானுங்க" என்றார். டயரின் தடிமனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். காரமடைக்கு முன்னால் டமார் என்று ஒரு சத்தம். பின்டயரில் மேலே ஒட்டியிருந்த ரீட்ரெட் பட்டை உரிந்து போய்விட்டது. எல்லாரும் இறங்கி நின்றோம். எனக்குக் கை சும்மா இருக்காது. டிரைவரோடு சேர்ந்து நட்டுகளைக் கழற்றினேன். "இந்த டயரை ஏன்ப்பா ஓட்டுற?" என்று திட்டினேன். "மேல இருக்கற ரப்பரு போனாப் போவுதுங்க. உள்ள துணி நல்லா இருக்குதுங்களே, மறுக்கா ஒட்டிக்கலாம்" என்றார் டிரைவர். எங்கள் டிப்போவிலும் இதே பேச்சுதான். கைகழுவ அவரே தண்ணீர் ஊற்றினார். பயணிகளில் ஒருவர் தேங்காய் பன்னைப் பிய்த்துப் பாதி கொடுத்தார். டயரும் கையுமாக ரோட்டோரத்தில் நின்று சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நானே டயர்களை மாட்டினேன். மட்கார்டில் கொஞ்சம் உரசியது. கம்பியை வளைத்துச் சரிசெய்தேன். வண்டியைப் பாக்கியத்தின் கையில் கொடுத்து, "தள்ளிப் பாரு" என்றேன். தெருமுனை மேடுவரை தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது நெற்றியெல்லாம் வேர்வை.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா."

இந்த ஊர் 'நல்லாத்தான்' எனக்கு இந்த மூன்று நாளில் பழகிவிட்டது. மாரக்கா வைத்த மோர்க்குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தபோது இவள் அவரிடம் சொன்னதும் இதே 'நல்லாத்தான்'. "உண்மையைச் சொல்லு" என்றேன். "கோடின்னு வாங்கிட்டு வந்திருக்கறீங்க. நான் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். "சொல்லு புள்ள" என்று கத்தினேன்.

அவளும் கத்தினாள். "முடியலடா! காலி வண்டியவே தள்ள முடியல. எலையையும் ஏத்திக்கிட்டு அன்னூருக்கு எப்படிடா மிதிப்பேன்? நீ லாரிக்காரன். நான் என்ன லாரியா?"

'ங்க' எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. கத்திய பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டில் மாரக்கா எட்டிப் பார்த்தார். எனக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! தலைமன்னாரில் கப்பலேறிப் போன என் தங்கச்சி அப்போதுதான் திரும்பி வந்தாள்.

நான் ஓட்டிப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை, எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே. தள்ளிப் பார்த்தேன். மேட்டில் மூச்சு வாங்கியது. அங்கேயே நின்று யோசித்தேன். லாரி நிறையத் தேயிலை ஏற்றினாலும் ஸ்பிரிங் இறங்காது. அடைத்துக்கொண்டு நிற்குமே தவிர, இலைக்கு ஏது கனம்? கறிவேப்பிலையும் இலைதானே. வாழ்நாளெல்லாம் இலை ஏற்றுகிற நான், சிமெண்டு மூட்டை சுமக்கிற டயரை வாங்கி வந்திருக்கிறேன். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மறுநாள் விடிந்தால் வெட்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு ஓடினோம். அங்கே மூட்டை சுமக்கும் மூன்று சக்கர வண்டிகள் நிறைய. அவற்றுக்கு டயர் மாட்டுகிற கடைக்காரர் எங்கள் டயர்களைப் பார்த்ததும், "அட, இதுக்குத்தானுங்க ஆள் காத்துக்கிட்டிருக்குது" என்று வாங்கிக்கொண்டு, நடுத்தரமான புது டயர் ஒரு ஜோடி தந்தார். அதிகக் கனமில்லை, பட்டையும் லேசாகத்தான் இருந்தது. ரோட்டில் பிடிக்க அது போதும். இந்தத் தடவை தேர்ந்தெடுத்தது பாக்கியம். ஒவ்வொன்றாக மண்ணில் உருட்டிப் பார்த்து எடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"வழியெல்லாம் வேலி முள்ளுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள். பையிலிருந்து செல்லையாவின் பழைய டியூப்கள் இரண்டை எடுத்தாள். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட டியூப்கள். நீளவாக்கில் கிழித்து, புது டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் மெத்தை மாதிரி விரிக்கச் சொன்னாள். முள் குத்தினாலும் அது தாங்கிக்கொள்ளுமாம். கடைக்காரர் கிழிக்கும்போது அவள் அந்த ஒட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதெல்லாம் அவரு ஒட்டுனது. நாந்தான் பக்கத்துல தண்ணிச் சட்டி புடிச்சுக்கிட்டு இருப்பேன்" என்றாள்.

அடுத்தது பார். பக்கத்திலேயே வெல்டிங் பட்டறை. மேல்பாரையும் அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது பாரையும் அறுத்து எடுத்துவிட்டு, கனமான குழாய் ஒன்றைத் தாழ்வாகச் சாய்த்துப் பற்றவைத்தால் பெண்கள் வண்டி மாதிரி ஆகிவிடும் என்று பட்டறைக்காரர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. "செத்தவன் வண்டியை அறுக்கிறதா? வேண்டாம் புள்ள. கோயம்புத்தூர்ல பார்த்த அந்த லேடீஸ் வண்டியையே வாங்கிரலாம்" என்றேன்.

"இந்த வண்டி வந்து நின்னாத்தான் அன்னூர்க் கடைக்காரங்களுக்கு எலை வந்துருச்சுன்னு தெரியும். மணிச் சத்தம்கூட அவங்களுக்குப் பழக்கம். புது வண்டியில போனா நான் யாரோ எவளோதான்" என்றாள்.

பட்டறைக்காரர் இரும்பறுக்கும் வாளைப் பாரில் வைத்துவிட்டு, "அறுத்துரலாமுங்களா?" என்று கேட்டார். பாக்கியம் மேல்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோயில் நோன்பித் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் செல்லையா அவளை அதில் உட்காரவைத்துத்தான் கூட்டிக்கொண்டு போவானாம். பட்டறைக்காரர் மறுபடியும் கேட்டார். அவரும் அவசரப்படுத்தவில்லை. தெருவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் அவள் கையை எடுத்துவிட்டு, "அறுங்க" என்றாள். அறுக்கும் சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் வெளியே போய் நின்றேன். அவள் உள்ளேயே நின்றாள்.

சாயங்காலம் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். முதல் தடவை சுவரில் மோதினாள். இரண்டாவது தடவை மாரக்காவின் கோழி தப்பித்தது. அப்புறம் தெருமுனை மேட்டில் நிற்காமல் ஏறித் திரும்பி வந்தாள். வாசல்களில் நின்று எல்லாரும் பார்த்தார்கள். வருஷம் திரும்பாத வீட்டுப் பெண் வியாபாரத்துக்குப் போகலாமா என்று ஒருவராவது கேட்பார் என்று நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். கேட்கவில்லை. அறுத்தெடுத்த இரண்டு பார்களையும் அவள் துடைத்து, செல்லையாவின் படத்துக்குக் கீழே சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது தோட்டத்தில் நின்றோம். கிழக்கே வெளிச்சம் வந்ததும் வெட்டு ஆரம்பித்தது. என் வேட்டி, சட்டை எல்லாம் கறிவேப்பிலை வாசனை. கட்டுகளை நான்தான் ஏற்றினேன். பாரம் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை, அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. ஈரச் சாக்கைப் போர்த்தி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன். தோட்டத்துக்காரர் பின்டயரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். புதுசாகப் பற்றவைத்த குழாயைப் பார்த்தார். "மொபெட்டுக்காரன் வந்தான்னா நான் சொல்லிக்கறேன் அம்மணி. நீங்க கெளம்புங்க, வெயில் ஏறிரும்" என்றார்.

அன்னூர் ரோட்டுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மதியம் எனக்குப் பஸ். அவள் திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன். விசா அவ்வளவுதான். இனி எப்போது பார்ப்போம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துக்க வீட்டிலிருந்து சொல்லாமல்தான் போக வேண்டும் என்று இரண்டு நாளாகவே மனசைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவள் கிளம்பியதும் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நின்றேன்.

புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். உள்ளே கட்டியிருந்தது நான் கொண்டுவந்த கோடி என்பதை அப்போதுதான் கவனித்தேன். மேலே செல்லையாவின் பழைய சட்டை. தாழ்ந்த குழாய்க்கு மேலே காலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாரேண்ணா" என்றாள்.

எதிர்வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாரக்காவின் கை நின்றது. இவள் மறந்து சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து, சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "போயிட்டு வா புள்ள" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். பெடலை மிதித்தாள். வண்டி ஒரு தடவை ஆடி, நேரானது. மணியை அடித்துக்கொண்டே மேட்டில் ஏறினாள். இலைக்கட்டு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

மதியம் வீட்டைப் பூட்டினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சாவியைக் கொடுக்க மாரக்கா வீட்டுக்குப் போனேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, வழக்கப்படி நான் பேசாமல் போவதற்கு வசதியாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் போகாமல் நின்றேன்.

"வாரேனுங்க" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். பூட்டிய வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாங்க சாமி" என்றார்.